வைக்காமல் விட்ட போன்

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. உன் உடம்பும் மனசும் தெம்பாக இருக்க வேண்டும் என்று நானும் அம்மாவும் தினமும் நினைத்துக்கொள்கிறோம். நாங்கள் இங்கே சௌக்கியம் என்று எழுத இந்த முறை கை வரவில்லை, ஏன் என்று கீழே சொல்கிறேன். வாரா வாரம் முகம் பார்த்துப் பேசுகிறோமே, எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். முகம் பார்த்தால் நாம் மூன்று பேருமே நன்றாக நடிக்கிறோம், அதனால்தான். கடையில் மதியச் சாப்பாட்டு நேரம், லென்ஸ் தேய்க்கும் மெஷினை நிறுத்திவிட்டு, மூக்குக்கண்ணாடி ஃபிரேம்களை ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டு எழுதுகிறேன். முழுசும் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

முதலில் அம்மா விஷயம். பதறாதே, இப்போது பரவாயில்லை. எட்டு மாதத்துக்கு முன்னால் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. நான் கடையில் இருந்தேன், அம்மா சமையலறையில் விழுந்துவிட்டாள். மாடி வீட்டுக்காரர் தண்ணீர்க் குழாயைப் பற்றிக் கேட்க வந்து கதவைத் தட்டி, உள்ளே முனகல் கேட்டு எனக்குப் போன் செய்தார். பதினோரு நாள் ஆஸ்பத்திரி. போன் தண்ணீரில் விழுந்துவிட்டது, ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறேன் என்று உன்னிடம் சொன்னேனே, அது அந்தப் பதினோரு நாள்தான். இடது கை இன்னும் வரவில்லை. இடது கால் கொஞ்சம் வருகிறது, தடியை ஊன்றிக்கொண்டு கூடத்திலிருந்து குளியலறை வரை போவாள், உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்க மட்டும் ஒரு ஆள் வேண்டும். அப்போது நீங்கள் புது வீட்டுக்குக் குடிபோய் மூன்று வாரம்கூட ஆகவில்லை. சொன்னால் போட்டது போட்டபடி கிளம்பி வந்துவிடுவாய் என்று பயந்து, கொஞ்சம் தேறட்டும், அப்புறம் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டோம். ஒரு வாரம் மறைத்ததை மறுவாரம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, அப்படியே எட்டு மாதம் ஓடிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு நீ கூப்பிடுவாய் என்றால் இங்கே எட்டு மணிக்கே ஒப்பனை ஆரம்பித்துவிடும். நான்தான் தலை வாரிவிடுவேன். முதல் இரண்டு மாதம் வகிடு கோணிக்கொண்டு போகும், லென்ஸை ஒரு டிகிரி பிசகாமல் வெட்டுறவருக்கு என் தலையில ஒரு நேர்கோடு போட வரலையா என்று அம்மா திட்டுவாள். சாய்ந்துவிடாமல் இருக்க இடது பக்கம் தலையணை, அதன் மேல் முந்தானையைப் போட்டு மூடி அதற்குள் கை. பேச்சு கொஞ்சம் குழறும், அப்போதெல்லாம் நான் குறுக்கே புகுந்து நெட்வொர்க் சரியில்லை பாப்பா என்பேன். அந்தப் போன் கம்பெனிக்காரன் மேல் எட்டு மாதமாக எவ்வளவு பழி போட்டிருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை.

அடுத்தது, உன்னைக் கேட்காமல் செய்த ஒரு காரியம். நான் கடைக்கு வந்துவிட்டால், மாடி வீட்டுக்காரரின் மனைவி இரண்டு மூன்று தடவை வந்து எழுப்பிவிடுகிற நேரம் போக அம்மா பகல் முழுக்கத் தனியாகத்தான் இருப்பாள். ஞாயிற்றுக்கிழமை பேசினதை மறுபடி பார்க்க வழியில்லையா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவளுக்குக் கைகால் பயிற்சி கொடுக்க வாரத்தில் மூன்று நாள் ஒரு பிசியோதெரபி அம்மா வருவார், அதட்டுகிற அதட்டில் பக்கவாதமே எழுந்து ஓடிவிடும் போலிருக்கும். அவர்தான் அம்மாவின் போனில் மேலிருந்து கீழே இழுத்தால் வருகிற பொத்தான்களில் ஸ்கிரீன் ரெக்கார்டர் என்று ஒன்று இருப்பதைக் காட்டிக்கொடுத்தார். அதைத் தொட்டால் மூன்று, இரண்டு, ஒன்று என்று எண்ணிவிட்டுத் திரையில் ஓடுவதையெல்லாம் பதிய ஆரம்பித்துவிடும். முதல் நாலு வாரம் படம் மட்டும் பதிந்தது, குரல் இல்லை. மைக் என்பதைத் தனியாகத் தொட்டு இயக்க வேண்டுமாம், எனக்கு அது தெரியவில்லை. சத்தமே இல்லாத அந்த நாலையும் அம்மா எத்தனை தடவை பார்த்தாள் என்று சொல்ல முடியாது. இந்த இடத்துல அப்பா சாப்பிட்டாரான்னு கேக்குறா என்று உன் உதட்டைப் பார்த்தே சொல்வாள். அப்புறம் மைக்கையும் போடக் கற்றுக்கொண்டேன், ஸ்பீக்கரில் வைத்துப் பேசுவதால் உன் குரலும் விழுந்தது. அப்படி இருபத்தாறு ஞாயிற்றுக்கிழமைகள் போனுக்குள் இருக்கின்றன. நீ பேசுவதைப் பதிகிறோம் என்று உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் எதற்கு என்று கேட்பாய், அதற்கும் ஒரு பொய் தேட வேண்டியிருக்கும் என்று விட்டுவிட்டேன். அது தப்புதான்.

மூன்று வாரத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். பேசி முடிந்தது, நீ கையசைத்தாய், நாங்களும் அசைத்தோம். அம்மாவுக்கு அவசரமாகக் குளியலறை போக வேண்டியிருந்தது, போனைத் தண்ணீர்ச் செம்பின் மேல் சாய்த்து வைத்தபடியே விட்டுவிட்டு அவளைத் தூக்கப் போய்விட்டேன். நான் வைத்துவிட்டதாக நீ நினைத்திருக்கிறாய், நீ வைத்துவிட்டதாக நான் நினைத்துக்கொண்டேன். இரண்டு பேருமே வைக்கவில்லை. திரும்பி வந்தபோது அழைப்பு அறுந்திருந்தது, பதிவு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, நிறுத்தினேன். எனக்கு ஒன்றும் தெரியாது. திங்கட்கிழமை நான் கடைக்குப் போனதும் அம்மா வழக்கம்போல் போட்டுப் பார்த்திருக்கிறாள். சாயங்காலம் முகம் சரியில்லை, செவ்வாய் புதனும் அப்படியே. வியாழக்கிழமை போனை என் கையில் கொடுத்து, கடைசி வரைக்கும் பாருங்க, நடுவுல நிறுத்திடாதீங்க என்றாள்.

பார்த்தேன். கையசைத்த பிறகும் உன் முகத்தில் அந்தச் சிரிப்பு கொஞ்ச நேரம் இருந்தது. அப்புறம் எழுந்து, உனக்குப் பின்னால் நாற்காலியில் தொங்கிய மாப்பிள்ளையின் நீலக் கட்டம் போட்ட சட்டையை எடுத்தாய். இரண்டு கையையும் உள்ளே மடக்கி, நீளவாக்கில் ஒரு மடிப்பு மடித்து, அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்து மூடினாய். அப்போது திரையின் ஓரத்தில் இருக்கிற சின்னக் கட்டத்தில் நாங்கள் இருக்கிறோம். நான் குனிந்து அம்மாவைக் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்குகிறேன், தலையணை விழுகிறது, அவளுடைய இடது கை தொங்கி ஆடுகிறது. நீ ஒரு தடவை திரும்பியிருந்தால் எங்களைப் பார்த்திருப்பாய், நான் ஒரு தடவை நிமிர்ந்திருந்தால் உன்னைப் பார்த்திருப்பேன். பிறகு சின்னக் கட்டத்தில் வெறும் நாற்காலி. நீ உன் போனில் சிநேகிதியைக் கூப்பிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி நின்று பேசினாய். பேசி முடிச்சிட்டேன், இன்னிக்கும் சொல்லல, அவர் வீட்ட விட்டுப் போய் ஏழு மாசம் ஆச்சு, இன்னும் குளிக்கிறார், கடைக்குப் போயிருக்கார்னே ஓட்டிட்டிருக்கேன் என்றாய். அப்புறம் குரலை இறக்கி, எங்கம்மா இடது கைய வெளிய எடுக்கவே மாட்டேங்கிறாங்க, என்னமோ ஆகியிருக்கு, கேக்கணும்னு வாய் வரைக்கும் வருது, நான் ஒண்ணு கேட்டா அவங்களும் ஒண்ணு கேப்பாங்களேன்னு பயமா இருக்கு என்றாய். அதற்கப்புறம் உன் தோள் மட்டும் குலுங்கியது. கடைசியில், எங்களோடு பேசிய டேப்லெட்டை எடுக்கக் கிட்டே வந்தாய், அது அணையவில்லை என்று பார்த்தாய், எங்கள் வெறும் நாற்காலியைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாய். அதோடு அறுந்துவிட்டது.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ போகிறபோக்கில் கேட்கிற மாதிரி, போன வாரம் போனை வைக்க மறந்துட்டீங்களா அப்பா என்றாய். உடனே வெச்சிட்டேனே பாப்பா என்றேன். உனக்கு மூச்சு வந்ததை நான் பார்த்தேன். பின்னால் அந்தச் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. பழக்கதோஷத்தில் மாப்பிள்ளை எங்கே என்று வேறு கேட்டுத் தொலைத்தேன், குளிக்கிறார் என்றாய். நீ வைத்ததும் அம்மா வலது கையால் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, இன்னும் எத்தனை வாரத்துக்கு அவளைக் குளிக்கிறார்னு சொல்ல வைப்பீங்க என்று கேட்டாள். 

பாப்பா, அந்தப் பையனைப் பார்த்துவிட்டு வந்து நல்ல இடம் என்று சொன்னவன் நான். உனக்கு யோசிக்க இன்னும் கொஞ்ச நாள் வேண்டும் என்றாய், நான்தான் அவசரப்படுத்தினேன். ஏழு மாதம் ஒரு ஆளும் இல்லாமல் அந்த வீட்டில் நீ எப்படி இருந்தாய் என்று நினைத்துக்கொண்டே மெஷினில் வேலை பார்த்து, போன வாரம் இரண்டு லென்ஸ் உடைத்தேன். அவர் ஏன் போனார், யார் மேல் தப்பு என்று நாங்கள் ஒரு வார்த்தை கேட்க மாட்டோம். நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்வோம். சொந்தக்காரர்களிடம் என்ன சொல்வது என்று நீ மண்டையை உடைத்துக்கொள்ளாதே, கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்ல நான் இருக்கிறேன். அந்தப் பதிவை என்ன செய்வது என்று அம்மாவைக் கேட்டேன். அது நமக்குக் காட்டுறதுக்காக அவ செஞ்சதில்ல, அழிச்சிடுங்க என்றாள். நிச்சயமாக அழிக்கவா என்று போனே ஒரு தடவை கேட்டது, அழித்துவிட்டேன். மற்றதெல்லாம் இருக்கிறது. அவற்றையும் வேண்டாம் என்று நீ சொன்னால் சரி, ஆனால் அம்மாவிடம் நீயே சொல்லிவிடு, என்னால் முடியாது.

நீ கிளம்பி வந்துவிடுவாய் என்று அன்றைக்குப் பயந்தேன், வெட்கப்பட்டுக்கொண்டு வராமலே இருந்துவிடுவாயோ என்று இப்போது பயமாக இருக்கிறது. லீவு கிடைத்தால் வா. கிடைக்காவிட்டால் அங்கேயே இரு, ஆனால் வேளைக்குச் சாப்பிடு, கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது, அதற்கும் நெட்வொர்க்கைக் காரணம் சொல்ல முடியாது. அந்தச் சிநேகிதிக்கு எங்கள் நன்றியைச் சொல், அவள் இருந்ததே பெரிய விஷயம். கதவை இரண்டு தாழ்ப்பாளும் போட்டுப் படு. இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்காமல் கூப்பிடு, நான் கடையில் இருந்தாலும் எடுப்பேன். நீ நன்றாக இருப்பாய், உனக்கு ஒரு குறையும் வராது, அம்மாவும் நானும் மனசார ஆசீர்வதிக்கிறோம். ஒட்டுவதற்கு முன்னால் அம்மாவிடம் காட்டினேன், கீழே கொஞ்சம் இடம் விடச் சொன்னாள்.

இப்படிக்கு,
உன் அப்பா

பாப்பா, அம்மா எழுதுகிறேன், வலது கை நன்றாகத்தான் இருக்கிறது. விழுந்த அன்றைக்குத் தரையில் கிடந்தபடி நான் கூப்பிட்டது உன்னைத்தான், அப்பாவை இல்லை. நீ பக்கத்து அறையில் இருக்கிற மாதிரி நாலைந்து தடவை கூப்பிட்டேன். இதை அப்பாவிடம் நான் சொன்னதில்லை, இப்போதுதான் படிக்கப்போகிறார். உன்னால் கேட்டிருக்க முடியாது, எனக்குத் தெரியும். நீயும் அங்கே எத்தனையோ நாள் என்னைக் கூப்பிட்டிருப்பாய். எனக்கும் கேட்கவில்லை கண்ணு.

அம்மா