மரக்கன்றுக்கு நீ கொண்டுவந்த தண்ணீர்

நேற்று என் மகள் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு துணிப்பை கொண்டுவந்தாள். பச்சை இலை அச்சடித்த பை. சாய வாசம் இன்னும் போகவில்லை. "சுற்றுச்சூழல் வாரம் நடத்துறாங்கம்மா. ஓடைய சுத்தம் பண்ணினா செர்ட்டிபிகேட் தருவாங்க. வேலைக்கு அப்ளை பண்றப்போ உதவும் லா" என்றாள்.

தோழி, நாம் இருவரும் படித்த அதே வளாகம். அதே ஓடை. என் முகம் ஏன் மாறியது என்று அவளுக்குப் புரியவில்லை. உனக்குப் புரிந்திருக்கும். நீ இருந்திருந்தால் கிள்ளானிலிருந்து அடுத்த பஸ்ஸைப் பிடித்து பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டுக்கு வந்து, என்னோடு சேர்ந்து கத்தியிருப்பாய். நீ இறந்துபோன பிறகு கோபப்படுவதற்கும் துணையில்லை. அதனால் எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசி அது. நான் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். நீ பண்டமாரானில் துறைமுகத் தொழிலாளி ஒருவரின் மூத்த மகள். உபகாரச் சம்பளம் கிடைத்து வேதியியல் படிக்க வந்தவள். சனிக்கிழமைகளில் இருவரும் வளாகத்துக்குப் பின்னால், சரிவுக்குக் கீழே இருந்த கம்பத்துக்கு, அந்தச் சிறு கிராமத்துக்குப் போவோம். அங்கே பலகை வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்போம். அவர்களின் கால்களில் இருந்த புண்களை முதலில் கவனித்தவள் நீதான். எல்லாருக்கும் முழங்காலுக்குக் கீழே.

"ஆத்துல விளையாடுதுங்க, அப்புறம் சொறியுதுங்க. எந்த மருந்துக்கும் ஆற மாட்டேங்குதும்மா" என்றார், ஓடையில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஓர் அக்கா. அவருடைய கைகளும் வெந்தது போலிருந்தன.

நீ அப்போதே கரையோடு மேலே ஏறினாய். நானும் பின்னால் வந்தேன். ஓடையில் வந்து விழும் ஒரு சிமெண்டுச் சாக்கடை. அதன் மேல்முனையில் ஒரு குழாய். குழாய்க்கு மேலே சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் நம்முடைய ஆய்வுக்கூடம். நீ குழாயைக் கை காட்டினாய்.

"நம்ம லேப் சிங்க்தாண்டி. நேத்து நான் கழுவி ஊத்தின ஆசிட் இந்த வழியாத்தான் போயிருக்கு."

துறைத் தலைவரிடம் போனோம். மழை பெய்தால் எல்லாம் கரைந்துபோய்விடும் என்று சிரித்தார். "மழை பெய்யாத நாள்ல, சார்?" என்று கேட்டாய். கதவைக் காட்டினார். நம்மவர் கேட்பார் என்று நம்பி, துறையில் இருந்த ஒரே தமிழ் விரிவுரையாளரிடம் போனோம். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நம்ம பிள்ளைங்க இந்த வாசல மிதிச்சதே பெரிசு. கெடுத்துக்காதீங்க லா. படிச்சு முடிச்சிட்டு அப்புறம் பேசுங்க."

வாயை மூடு என்பதை அக்கறை போலச் சொல்ல அவருக்குத் தெரிந்திருந்தது. "அப்புறம்னா எப்போ? அதுவரைக்கும் அந்தப் பசங்க கால் காத்துக்கிட்டு இருக்குமா?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாய்.

சில வாரங்களில் மரம் நடும் விழா வந்தது. கூடாரம், மெத்தை வைத்த நாற்காலிகள், பெரிய மனிதர்கள். வளாகத்தைப் பசுமையாக்கப் போகிறோம் என்று ஒலிபெருக்கி முழங்கியது. துறைக்கு ஒரு மாணவர் கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். நல்ல மதிப்பெண் வாங்குகிற பெண் என்று வேதியியல் துறைக்கு உன்னையே தேர்ந்தெடுத்திருந்தார்கள்!

நீ வாளியோடு வந்தாய். கைப்பிடியில் உன் கையோடு என் கையும் இருந்தது. மஞ்சள் நுரை மிதந்த தண்ணீர். சிறப்பு விருந்தினர் கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார். என்ன தண்ணீர் இது என்று துறைத் தலைவர் கேட்டார். எல்லாருக்கும் புரியட்டும் என்று நீ மலாய் மொழியில் பதில் சொன்னாய்: நம் ஆய்வுக்கூடத்துத் தண்ணீர், கீழே பிள்ளைகள் குளிக்கும் தண்ணீர், மரத்துக்கு ஊற்றலாமா?

"ஊற்றாதே! கன்று பட்டுப்போகும்!" என்று துறைத் தலைவர் கத்திவிட்டார்.

கன்று பட்டுப்போகுமாம். பிள்ளைகளுக்கு மட்டும் மழை பெய்தால் போதுமாம்.

விசாரணையில் விழாவைப் பற்றிக் கேட்டார்கள், விருந்தினருக்கு நேர்ந்த அவமானத்தைப் பற்றிக் கேட்டார்கள். ஓடையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. யார் போட்ட திட்டம் என்றபோது, "ரெண்டு பேரும்தான்" என்றேன். நீ குறுக்கே பாய்ந்தாய். "இவ சும்மா சொல்றா சார். வாளி கனமா இருந்துச்சு, பிடின்னேன், பிடிச்சா."

வெளியே வந்ததும் உன்னோடு சண்டை போட்டேன். "ஒருத்தியாவது உள்ள இருக்கணும்டி. அவங்க அந்தக் குழாய அடைக்கிறாங்களான்னு யாரு பாக்கிறது?" என்றாய்.

எனக்கு எச்சரிக்கை. உனக்கு ஓராண்டு இடைநீக்கம். உபகாரச் சம்பளமும் போயிற்று. அப்பாவின் கூலியில் நீ திரும்பி வர வழியே இல்லை. கிள்ளான் துறைமுகத்தில் ஒரு கப்பல் நிறுவனத்தில் கிளார்க்காகச் சேர்ந்தாய். கடைசிவரை கிளார்க்காகவே இருந்தாய்.

நான் உள்ளே இருந்து பார்த்தேன். குழாயை அடைத்தார்கள். கழிவுகளைச் சேர்க்கப் பெரிய ஜாடிகள் வந்தன. துறைத் தலைவரின் தொலைநோக்குக்கு நன்றி என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். அதைக் கிழித்து எடுத்துக்கொண்டு பண்டமாரானுக்கு வந்தேன். நீ அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பசங்க கால் எப்படிடி இருக்கு?" என்று கேட்டாய். ஆறி வருகிறது என்றேன். படிப்புப் போனபோது அழாதவள், அன்று அழுதாய்.

இன்று அதே வளாகம் சுற்றுச்சூழலில் ஆர்வமுள்ள மாணவர்களுக்கு வாய்ப்புகள் காத்திருக்கின்றன என்று கூவி அழைக்கிறது. நல்லது. என் மகளும் ஓடையில் இறங்கட்டும். ஆனால் இதை முதலில் கேட்ட பெண்ணை வெளியே துரத்தினோம் என்று அந்த மேடையில் ஒருவராவது சொல்ல வேண்டாமா? உன் பட்டத்தை இனி யார் கொண்டுவந்து தருவார்கள்? எந்த வாசலில்?

நான் இப்போது பள்ளியில் வேதியியல் ஆசிரியை. புது வகுப்பு வந்தால், சோதனைக் குழாயைத் தொடவிடுவதற்கு முன் பிள்ளைகளைக் கட்டடத்துக்குப் பின்னால் அழைத்துப் போவேன். நம் தண்ணீர் எங்கே போய்ச் சேருகிறது, அங்கே யார் இருக்கிறார்கள் என்று பார்த்து வரச் சொல்வேன். புதிதாக வந்த தலைமையாசிரியர் இந்த வருடம் வழிமறித்தார். "இது சிலபஸ்ல இல்லையே, டீச்சர்?"

"இல்ல சார். அதனாலதான் கூட்டிட்டுப் போறேன்."

பிள்ளைகள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அப்படிப் பேச வராது என்று உனக்குத் தெரியும். அது உன் குரல். அதை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். தாழ்த்திக்கொள்கிற எண்ணம் எனக்கு இல்லை.