மலைமேல் பெரியவர்கள்

கலபார்
7 ஜூன் 1987

அன்புள்ள என் வேட்டைக்காரருக்கு,

நலம். ஆசிரியப் பயிற்சி விடுதியில் ஊற்றுகிற சூப்பில் மீனைத் தேடுவதே பெரிய வேட்டையாக இருக்கிறது. நீங்கள் ஃபூஃபூக் களிக்குக் கிழங்கு இடிக்கிற அழகைப் பார்த்துப் பக்கத்து வீட்டில் சிரிக்கிறார்களாமே? அந்தச் சிரிப்பு கலபார்வரை கேட்கிறது.

கொரில்லா மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க நம் மலைக்கு ஓர் ஆய்வாளர் வருகிறாராம். நாட்டிலேயே அந்த இனம் அழிந்துவிட்டது என்று இங்கே எல்லோரும் அடித்துப் பேசுகிறார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அவர் வந்தாரா? என்ன சொன்னீர்கள்?

உங்கள்
பெர்னடெட்

ஊர்
21 ஜூன் 1987

என் பெர்னடெட்டுக்கு,

என் ஃபூஃபூ இப்போது கல் மாதிரி இல்லை, களிமண் மாதிரி இருக்கிறது. முன்னேற்றம்தான்.

ஆய்வாளர் வந்தார். ஊர்த் தலைவர் வீட்டில் உட்காரவைத்துக் கள் கொடுத்தோம். "கொரில்லாவா? எங்க தாத்தா காலத்துலயே முடிஞ்சு போச்சுங்க" என்று நான்தான் சொன்னேன். மலையில் அதன் பெயரைச் சொல்லாமல் 'பெரியவர்' என்றே சொல்லிப் பழகிய வாய்க்கு அந்தப் பொய் சுலபமாக வந்தது. இருக்கிறது என்று சொன்னால் அரசாங்கம் மலையையும் பிடுங்கும், துப்பாக்கியையும் பிடுங்கும்.

உன் அப்பா முதுகில் தட்டினார். "மாப்பிள்ளைக்கு இன்னைக்குத்தான் மூளை வேல செஞ்சிருக்கு." அதோடு விட்டாரா? "ஒரு பெரியவரச் சாய்ச்சுட்டு வா. அப்புறம் நீ ஆம்பளன்னு ஒத்துக்கறேன்."

பெரியவரைச் சாய்த்தவன்தான் கிழங்குத் திருவிழாவில் முக்காலியில் உட்காரலாம், அவனுக்குத்தான் முரசு அடிப்பார்கள். என் அப்பா உட்கார்ந்தார், உன் அப்பா இன்னும் உட்காருகிறார். நான் மட்டும் நின்றுகொண்டே இருக்கிறேன். மழை விடட்டும், ஆண் ஒன்றின் தடத்தைக் கண்டுபிடித்துவிட்டேன்.

உன்
கெகாங்

கலபார்
2 ஜூலை 1987

என் வேட்டைக்காரருக்கு,

மூளை வேலை செய்ததா! என் தோழியின் கணவர் வனத்துறை அலுவலகத்தில் இருக்கிறார். மலையில் ஒன்றுமில்லை என்று ஆய்வாளர் எழுதிவிட்டால், அதை மரம் வெட்டுகிறவர்களுக்குக் குத்தகைக்கு விடப்போகிறார்களாம். லாரிப் பாதை நம் ஓடைமேலேயே வரும். மறைத்தால் மலை தப்பிக்கும் என்று நினைத்தீர்கள். மறைத்ததால்தான் அது போகப்போகிறது.

ஆய்வாளர் இன்னும் பக்கத்து ஊரில்தான் தங்கியிருக்கிறார். போய்க் கூட்டி வாருங்கள், காட்டுங்கள்.

காட்டிய பிறகு சுட முடியாது என்பது எனக்கும் தெரியும். அந்த முக்காலிக்காக எத்தனை வருஷம் ஏங்கினீர்கள் என்பதும் தெரியும். இதைக் கேட்கவே எனக்கு மனசு வலிக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.

பெர்னடெட்

ஊர்
30 ஆகஸ்ட் 1987

பெர்னடெட்டுக்கு,

உன்மேல் கோபமாக இருந்தேன். சில நாள் சாப்பாடுகூட இறங்கவில்லை, அதற்கு என் சமையலும் ஒரு காரணம். பிறகு போய் ஆய்வாளரைக் கூட்டி வந்தேன். "பொய் சொல்லிட்டேங்க, வாங்க காட்டுறேன்" என்றேன். அவர் திட்டவில்லை, பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இலை மடக்கிச் செய்த படுக்கைகளை முதலில் பார்த்தோம். அடுத்த சரிவில் பெரியவரே உட்கார்ந்து காட்டு இஞ்சித் தண்டைக் கடித்துக்கொண்டிருந்தார். பின்னால் ஒரு தாய், அவள் முதுகில் குட்டி. உன் தாய்மாமனின் பழுதான கண்ணுக்குக்கூடக் குறி தப்பாத தூரம். என் கை துப்பாக்கிக்குப் போனது. "சுட்டுடாதீங்க" என்று ஆய்வாளர் முணுமுணுத்தார்.

"சும்மா இருங்கய்யா, தோள் வலிக்குது, துப்பாக்கிய மாத்திக்கிறேன்" என்று அதை மறுதோளில் மாட்டிக்கொண்டேன். பெர்னடெட், அது பொய். உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

திருவிழாவுக்கு முந்தின நாள் வேட்டைக்காரர்களைக் கூட்டி எல்லாவற்றையும் சொன்னேன். மலைப்பாதையில் தடைக்கு அடையாளமாகக் குருத்தோலை கட்டுவோம், தாண்டுகிறவன் ஊருக்கு ஆடும் கள்ளும் கொடுத்துவிட்டுத் துப்பாக்கியையும் வைத்துவிட்டுப் போகட்டும் என்றேன். உன் அப்பா எழுந்தார். "சாய்க்கத் தைரியமில்ல, அதான் ஓலை கட்டுறான்!"

"ஆமா மாமா. இனிமே யாரும் சாய்க்கப் போறதில்ல. அந்த முக்காலியில கடைசியா உக்காந்தவரு நீங்கதான்."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. பிறகு மலைப்பாதைக்கே வந்து ஓலையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, "இறுக்கிக் கட்டுடா" என்றார்.

கெகாங்

கலபார்
11 பிப்ரவரி 1988

என் அன்பானவருக்கு,

குத்தகை இல்லை! தோழியின் கணவர் இன்று காலை விடுதிக்கே வந்து சொன்னார். நான் கத்திய கத்தலில் வார்டன் ஓடி வந்துவிட்டார். பெருமையில் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எனக்கு இங்கேயே பள்ளியில் வேலையும் குடியிருப்பும் தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்று சொல்லி நம் ஊர்ப் பள்ளியைக் கேட்டு வாங்கிவிட்டேன். "அந்தக் காட்டுக்கா போற?" என்று தோழிகள் கேட்டார்கள். ஆமாம், அந்தக் காட்டுக்குத்தான்.

ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். நம் நாட்டில் கொரில்லா கிடையாது என்று அச்சடித்திருக்கிறார்கள். முதல் நாளே பிள்ளைகளிடம் அந்த வரியை அடிக்கச் சொல்லப்போகிறேன். யார் பார்த்தது டீச்சர் என்று கேட்பார்கள் இல்லையா? என் வீட்டுக்காரர் பார்த்தார், கையில் துப்பாக்கியோடு பார்த்தார் என்று சொல்வேன்.

உங்கள்
பெர்னடெட்