ஏணியின் இடது கால்

என் பெரியவனுக்கு,

அங்கே நீ நலமாக இருப்பாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன், இங்கே நாங்கள் முக்கால்வாசி நலம் என்று சொன்னால் பொய்யாகாது. மிச்சக் கால்வாசி அப்பாவின் கண்ணும் என் இடுப்பும். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, குனியக் கூடாது, வெயிலில் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், வேறு எந்த நாளிலும் குனிந்து ஒரு டம்ளர் எடுக்காத மனிதருக்கு இப்போதுதான் கட்டிலுக்கு அடியில் ஒட்டடை இருப்பது ஞாபகம் வருகிறது. சின்னவள் பரீட்சை முடித்துவிட்டாள், கேட்டால் பரவாயில்லை என்கிறாள், அந்தப் பரவாயில்லைக்கு என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும்.

கடிதம் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. கிளப்பில் என்னை ஜூனியர் பெண்களின் சர்வதேச பாஸ்கெட்பால் டோர்னமெண்ட்டுக்கு அனுப்பியிருந்தார்கள், அதிலிருந்து திரும்பி வந்த பிறகும் மனசு இன்னும் வந்து சேரவில்லை. இத்தனை வருஷமாக அடுத்தவர் பெற்ற பிள்ளைகளை கேலரியில் உட்கார்ந்து பார்த்து இது தேறும் இது தேறாது என்று எழுதிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு, அதில் இதுவரை வராத அலுப்பு இந்தத் தடவை வந்துவிட்டது, அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல.

நான் பார்க்கப் போனது ஒரே ஒரு பெண்ணைத்தான். கூட ஆடுகிறவர்கள் அவளை ஏணி என்று கூப்பிடுகிறார்கள், அவ்வளவு உயரம், உயரத்துக்கு ஏற்ற கூச்சம். முதல் இரண்டு மேட்ச்சிலும் கூடை கூடையாகப் போட்டுத் தள்ளினாள். எங்கள் மேனேஜர் அன்றைக்கே போன் செய்து, நம்பர் எல்லாம் பாத்தீங்கல்ல, இன்னும் என்ன யோசனை, சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க என்றார். எதிரில் நின்றவர்கள் அவள் தோளுக்குக்கூட எட்டாத பிள்ளைகள், அந்தப் பாயிண்ட்டை வைத்து என்னத்தைச் சொல்வது, பொறுங்கள் என்றேன். மூன்றாவது மேட்ச் பலமான அணியோடு. இரண்டு பேர் அவளை விட்டு நகரவே இல்லை, அவள் போட்டதெல்லாம் வளையத்தில் பட்டு வெளியே வந்தது. பின்னால் இருந்த மற்ற கிளப்காரர்கள் செல்போனைத் தடவ ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு அவளை அப்போதுதான் பிடித்தது. ஒவ்வொரு தடவை தவறவிட்ட பிறகும் தலையில் கை வைக்காமல் திரும்பி ஓடினாள், தன்னை இரண்டு பேர் மறிக்கிறார்கள் என்றால் தன் அணியில் ஒருத்தி சும்மா நிற்கிறாள் என்று கணக்குப் போட்டு அவளைத் தேடித் தேடிப் பந்தைக் கொடுத்தாள். இது சொல்லிக் கொடுத்து வருகிற புத்தி இல்லை.

ஆனால் இன்னொன்றும் கண்ணில் பட்டது. எவ்வளவு உயரம் எம்பினாலும் வலது காலில்தான் இறங்கினாள். டைம் அவுட் என்றால் எல்லாரும் தண்ணீர் பாட்டிலைத் தேடுவார்கள், இவள் முதலில் இடது ஷூவின் லேஸைத் தளர்த்துவாள். பார்த்த பிறகு பார்க்காத மாதிரி இருக்க முடியுமா சொல்லு.

மறுநாள் காலையில் ஓட்டல் சாப்பாட்டு ஹாலில் அவளுடைய அப்பா என் மேஜைக்கு வந்து நின்றார். லிஃப்ட் மெக்கானிக், மகளோடு வரவென்று லீவு போட்டு வந்திருக்கிறார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நீங்க காலையே பாத்துட்டு இருந்தீங்க, நானும் கவனிச்சேன், தயவுசெஞ்சு அதை மட்டும் எழுதிடாதீங்க மேடம் என்றார். நீங்க ஒரு வாரமா பாக்கறீங்க, நான் அவ பொறந்ததுலேர்ந்து பாக்கறேன், அவ தாங்குவா என்றார். நானும் பிள்ளை பெற்றவள், ஆறிப்போன காபியைக் குடித்து முடித்தேன்.

அந்தப் பெண் நடைவழியில் ஐஸ் பையின் மேல் காலை வைத்து உட்கார்ந்திருந்தாள். வலிக்குதாம்மா என்று கேட்டேன். ஆடறப்ப தெரியாது ஆன்ட்டி, படுத்தா தெரியும் என்றாள். கோச்சுக்குத் தெரியுமா என்றேன், தலையைக் குனிந்துகொண்டாள். நாளைக்கு செமிஃபைனல், எல்லாரும் அதைத்தான் பாப்பாங்க, நேத்து மாதிரி இல்லாம நல்லா ஆடிக் காட்டணும் என்றாள். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு நான் நேராகப் போய் அவளுடைய கோச்சிடம் சொல்லிவிட்டேன். எழுதுவதுதான் என் வேலை, போய்ச் சொல்வது என் வேலை இல்லை. இருந்தாலும் சொன்னேன். செமிஃபைனல் முழுக்க அவளைப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள், அணி தோற்றது. அவள் ஒரு தடவைகூட கேலரிப் பக்கம் நிமிர்ந்து பார்க்கவில்லை.

இவளை எடுக்கலாம், கட்டாயம் எடுக்கலாம், ஆனால் கால் ஆறுகிற வரைக்கும் ஆடவிடக் கூடாது என்று எழுதிக் கொடுத்தேன். ஆடாத புள்ளைய வச்சு நான் என்ன பண்றது என்று கேட்டுவிட்டு மேனேஜர் அந்த செமிஃபைனலில் நன்றாக ஆடிய வேறொரு பெண்ணை எடுத்துக்கொண்டார். எல்லாரும் கிளம்புகிற நேரத்தில் ஸ்டேடியம் வாசலில் அவளுடைய அப்பா மறுபடியும் வந்தார். சத்தம் போடவில்லை, போட்டிருந்தால்கூடத் தேவலை. அடுத்த வருஷம் இவளுக்கு வயசு தாண்டிடும், இனிமே எந்த டோர்னமெண்ட்ல வந்து பாப்பீங்க என்றார்.

போன வாரம் அந்தப் பெண்ணே எங்கிருந்தோ நம்பர் வாங்கிக் கூப்பிட்டாள். ஸ்கேன் எடுத்ததில் பாத எலும்பில் விரிசலாம், இன்னும் ஒரு மேட்ச் ஆடியிருந்தால் ரெண்டாகப் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். அப்பா பேசினதை மனசுல வச்சுக்காதீங்க ஆன்ட்டி, நீங்க செஞ்சது சரிதான் என்றாள். ஆனா அந்த மேட்ச்சை நான் ஆடியிருக்கணும் என்றாள். அது நன்றியா குறையா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. கால் சரியானதும் சொல்லு, நீ சும்மா ஆடுற எடமா இருந்தாலும் வர்றேன் என்றேன். பாக்க வருவீங்களா, எடுக்க வருவீங்களா என்று கேட்டாள். எடுப்பது என் கையில் இல்லையே. பாக்க என்றேன். சரி வாங்க என்று வைத்துவிட்டாள்.

உன் அப்பாவிடம் சொன்னதற்கு, கட்டுப் போட்ட கண்ணோடு, நீ சொல்லாம இருந்திருந்தா உனக்கு இப்ப தூக்கம் வருமா என்கிறார். சொல்லியும் வரவில்லை என்பது அவருக்கு எங்கே தெரிகிறது, அவர்தான் குறட்டை விடுகிறாரே.

நீயும் புது வேலையில் இருக்கிறாய், கொஞ்ச மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவார்கள் என்றாய். வீடியோ காலில் பேசும்போது கழுத்தைப் பிடித்துக்கொண்டே பேசுகிறாய், கேட்டால் வேலை நிலைக்கட்டும் அப்புறம் பார்க்கலாம் என்கிறாய். அந்தப் பேச்சை இனிமேல் என்னிடம் பேசாதே. இந்த வாரமே டாக்டரிடம் போ, போய்விட்டு வந்து என்ன சொன்னார் என்பதை மறைக்காமல் எழுது. உன்னைப் பார்க்கிறவர்கள் பார்க்கிறபடி பார்க்கட்டும், உன் உடம்பை நீதான் தூக்கிக்கொண்டு திரிய வேண்டும்.

வேளைக்குச் சாப்பிடு. எந்தக் குறையும் அண்டாமல், வலி என்றால் வலி என்று சொல்ல ஆள் பக்கத்தில் இருக்கும்படி நீ நன்றாக இருக்க வேண்டும். அப்பாவின் ஆசியும் இதில் உண்டு, எழுத முடியாததால் வாயால் சொல்லி என்னை எழுதச் சொன்னார்.

எப்போதும் உன் நினைவாக இருக்கும்,
அம்மா