பெல்ட்டில் வைத்த கை

தம்மாம்
12.03.1983

அன்புள்ள வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் முழங்கால் வலியும் உம்மாவின் இருமலும் குறைய துஆச் செய்கிறேன். நான் சுகம். எழுத்து கோணலாக இருப்பது இடக்கையால் எழுதுவதால்தான். உம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

நான் மெயின்டனன்ஸ் சுப்பர்வைசராக இருக்கும் இந்த மாவு மில்லில் போன கிழமை ஒரு பெல்ட் வழுக்கியது. சம்மாந்துறையில் நம் நெல் மில்லில் நீங்கள் செய்வதுபோல, மிசினை நிறுத்தாமலே, பிடிப்புக்காகக் குங்கிலியக் கட்டியை அதில் தேய்த்தேன். பெல்ட் கையையும் சேர்த்து இழுத்தது. இரண்டு விரல்களில் தோல் உரிந்தது, அவ்வளவுதான்.

மருந்து கட்டும்போது, எனக்குக் கீழே வேலை செய்யும், என்னைச் சொந்த அண்ணனாக நினைக்கும் மருதமுனை ஸலாஹுதீன், “ஓடுற மிசின்ல கை வெக்கப்படாதெண்டு எங்களுக்குச் சொன்ன நீங்கதானே காக்கா?” என்று கேட்டான்.

மறுநாள் எல்லாரையும் கூட்டி, கட்டுப்போட்ட கையைக் காட்டினேன். இனி யாராக இருந்தாலும் நிறுத்திவிட்டுத்தான் தொட வேண்டும். உற்பத்தி குறைகிறது என்று மனேஜர் சத்தம் போடுகிறார். போடட்டும், நான் விடமாட்டேன்.

கரண்டியால் சாப்பிட்டால் சோறு சாப்பிட்ட மாதிரியே இல்லை. உம்மா இடித்த கறித்தூள் கொஞ்சம் அனுப்புங்கள். எல்லாரும் கதைத்து ஒரு கேசட்டும் அனுப்புங்கள். இதைக் கொண்டு ஊருக்குப் போகிறவர் வாசலில் நிற்கிறார், முடிக்கிறேன்.

“நிப்பாட்டினா மறுகா ஸ்டார்ட் எடுக்க ஏலா” என்பீர்கள். நம் எஞ்சினைத் திரும்பக் கிளப்புவது கஷ்டம்தான், தெரியும். ஆனாலும் வாப்பா, அந்தக் கேசட்டில் நம் மில் எஞ்சின் ஓடுகிற சத்தத்தையும் பதியுங்கள். குங்கிலியம் தேய்க்குமுன் அது நிற்கிற சத்தமும் அதில் இருக்க வேண்டும்.

உங்கள் மகன்
கலந்தர்