பொட்டு வைத்த துப்பாக்கி

செப்டம்பர் 25, வியாழன்

காலையிலிருந்து மழை. துணி எதுவும் காயவில்லை. ஹீட்டர் முன்னால் என் யூனிஃபார்ம், மகள் நிலாவின் நெட்பால் பாவாடை, மூன்று துண்டு. வீடு முழுக்க ஈர வாடை.

துப்பாக்கி இன்னும் படுக்கையறை அலமாரியில்தான். என் பட்டுப்புடவைகளுக்குப் பின்னால். தோட்டாக்கள் சாக்ஸ் டிராயரில். அதுவும் என் சாக்ஸ் டிராயரில்.

அதைப் பெட்டியில் வைக்கச் சொல்லி முரளியிடம் மறுபடியும் சொன்னேன். இனி இந்த டைரியில் மு. என்று மட்டும்தான் எழுதப்போகிறேன். கட்டின புருஷனாக இருந்தாலும் முழுப் பெயர் எழுதுகிற அளவுக்கு இந்த வாரம் மரியாதை கைவசம் இல்லை.

மு. சொன்னது: "கராஜ்ல பெட்டிக்குள்ள பூட்டிக் கெடந்தா யாருக்குப் பிரயோஜனம்? திருடன் வந்தா, இருப்பா சாவி தேடுறேன்னு சொல்லணுமா?"

"அது முயல் சுட வாங்கினதுங்க."

"இப்ப வீட்டுக்கு."

இந்த நாட்டில் வீட்டுக்கு என்று துப்பாக்கி கிடையாது. லைசென்ஸ் கொடுக்கும்போதே படித்துப் படித்துச் சொன்னார்கள். வேட்டைக்கு உண்டு, கிளப்பில் குறி பார்த்துச் சுட உண்டு, பண்ணையில் முயல் தொல்லைக்கு உண்டு. தற்காப்புக்கு என்று வாயைத் திறந்தால் கிடையாது. வைத்திருந்தால் இரும்புப் பெட்டியில், பூட்டில், தோட்டா தனியே. மு. அந்தப் பரீட்சையில் நல்ல மார்க் வாங்கினவர். ஆபீஸ் நண்பர்களோடு பண்ணைக்குப் போய், ஒரு முயலைக்கூடச் சுடாமல் திரும்பி வந்தவரும் இவர்தான். "பாவமா பாத்துச்சு சுகந்தி" என்றார். அந்த ஆளை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

எல்லாம் போன மாதத்திலிருந்து. பட்டப்பகலில் பின்பக்கக் கண்ணாடிக் கதவை உடைத்துக்கொண்டு வந்து நகையை எடுத்துப் போனார்கள். என் தாலியும் போய்விட்டது. எம்.ஆர்.ஐ. எடுக்கும் வேலை எனக்கு. காந்த அறைக்குள் உலோகம் ஆகாது. வேலை நாளில் சங்கிலியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு மஞ்சள் கயிறோடு போவேன். இப்போது கயிறு மட்டும்தான். நம் ஆட்கள் வீட்டில் தங்கம் இருக்கும் என்று ஆக்லாந்துத் திருடர்களுக்கெல்லாம் தெரிந்திருக்கிறது. அன்றைக்கும் துப்பாக்கி வீட்டில்தான் இருந்தது. நாங்கள்தான் இல்லை. இதைச் சொன்னால் மு.வுக்குக் கோபம் வருகிறது.

புதுச் செய்தி: லைசென்ஸ் புதுப்பிக்க அடுத்த வெள்ளிக்கிழமை போலீஸ் துறையிலிருந்து ஆள் வருகிறார்கள். பெட்டியைப் பார்ப்பார்கள். மு.வைத் தனியாக, என்னைத் தனியாகக் கேள்வி கேட்பார்கள்.

"வெள்ளிக்கிழமை காலைல பெட்டிக்குள்ள வெச்சிடுறேன். நீ எல்லாத்துக்கும் ஆமா சொல்லு, போதும்."

போதுமாம்.

வாங்க: கொண்டைக்கடலை, பொரி, கற்பூரம், எலுமிச்சை. கண்ணாடிக் கதவுக்காரனுக்கு போன்.

செப்டம்பர் 27, சனி

மவுண்ட் ரோஸ்கில், நம் ஆட்கள் நிறைய இருக்கிற பேட்டை. மு.வின் நண்பர் பாஸ்கர் வீட்டுக் கொலு. சுண்டலில் உப்பு கம்மி. பொம்மைகள் அழகு. ஹாலில் பெண்கள், பின்னால் மரத் திண்ணை மாதிரி இருக்கிற டெக்கில் ஆண்கள். கண்ணாடிக் கதவு திறந்திருந்ததால் அங்கே பேசியதெல்லாம் இங்கே கேட்டது.

"முரளி செஞ்சதுதான் கரெக்ட்டு. நம்ம குடும்பத்த நாமதான் பாத்துக்கணும்."

"ஊர்ல தலமாட்டுல அருவா வெச்சிருப்போம். அதுமாதிரிதான இது?"

"லைசென்ஸ் எடுக்க எவ்ளோ நாள் ஆகும் முரளி?"

மு.வின் குரலில் அப்படி ஒரு பெருமை. ப்ரொமோஷன் வந்தபோதுகூட இப்படிப் பேசவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. தட்டோடு எழுந்து போய்க் கதவருகில் நின்றேன்.

"அண்ணா, லைசென்ஸ் எடுக்கறப்ப வீட்டக் காக்கன்னு மட்டும் சொல்லிடாதீங்க. குடுக்க மாட்டாங்க. முயலுன்னு பொய் சொல்லுங்க. எங்க வீட்ல அப்படித்தான்."

பாஸ்கர் மனைவி கையைப் பிடித்து இழுத்தாள். "விடு சுகந்தி, ஆம்பளைங்க ஏதோ பேசிக்கறாங்க."

"பேசிக்கட்டும். அத வெச்ச ரூம்ல தூங்கறது நான்."

திரும்பி வரும்போது காரில் எங்கள் வீடு வரைக்கும் வைப்பர் சத்தம்தான்.

செப்டம்பர் 28, ஞாயிறு

வெயில்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கிற நாள். தூக்கம் போச்சு. அடுப்பில் இருக்கிற கடிகாரத்தை மாற்ற யாருக்கும் தெரியவில்லை. இனி ஏப்ரல் வரை அது தப்பாகத்தான் காட்டும்.

நிலா வெஸ்ட்கேட் கடையில் வேலை முடிந்து மத்தியானம் வந்தாள். பள்ளி லீவு, கையில் நாலு காசு பார்க்கிறாள். வாசலில் கார் நிற்கிற இடத்திலிருந்தே கத்துகிறாள்: "இட்ஸ் மீ! டாட், இட்ஸ் ஒன்லி மீ!"

"ஏன்டி தெருவுக்கே கேக்கற மாதிரி கத்தற?"

"ஐ ஆல்வேஸ் டூ தட் நவ். பிகாஸ் ஆஃப் த கன்." சொல்லிவிட்டு ஃப்ரிட்ஜைத் திறந்து தயிர்சாதத்தைத் தேடினாள். அவளுக்கு அது பழகிவிட்டது.

யோசித்துப் பார்த்தால் நானும் அதைத்தான் செய்கிறேன். சாவியைத் திருப்பும்போதே "நான்தாங்க" என்கிறேன். எப்போது ஆரம்பித்தேன் என்றுகூடத் தெரியவில்லை. வங்கிக்கு மாதாமாதம் மார்ட்கேஜ் கட்டுகிறோம், சொந்த வீட்டுக்குள் நுழைய அடையாளம் சொல்கிறோம்.

மு.விடம் சொன்னேன். "நல்லதுதான? ஜாக்கிரதையா இருக்காங்க" என்றார்.

பதினாறு வயதுப் பெண் அப்பாவிடம் தன்னைச் சுடவேண்டாம் என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்குள் வருகிறாள், இவருக்கு அது ஜாக்கிரதையாகத் தெரிகிறது.

முடிவு செய்துவிட்டேன். இந்த வீட்டில் அது இருக்கக் கூடாது.

செப்டம்பர் 30, செவ்வாய்

காற்று. ரீசைக்கிள் தொட்டி எதிர்வீட்டு வாசலில் போய்க் கிடந்தது.

வேலை. எம்.ஆர்.ஐ.க்கு முன்னால் எல்லாரிடமும் கேட்கிற கேள்வி: உடம்பில் எங்காவது உலோகம் இருக்கிறதா? ஒரு பெரியவர் இல்லை, இல்லை, இல்லை என்று அடித்துச் சொன்னார். முகத்தைப் பார்த்து மறுபடி கேட்டேன். எப்போதோ வெல்டிங் செய்யும்போது கண்ணில் ஏதோ தெறித்ததாம். "ரொம்ப வருஷமாச்சே, சொல்லணுமா?" நன்றாகக் கோபித்துக்கொண்டேன். நான் கேட்பது உங்கள் கண்ணுக்காக, என் பொழுதுபோக்குக்கு இல்லை என்றேன். பிறகு டீ ரூமில் உட்கார்ந்து, வெள்ளிக்கிழமை என்னைக் கேட்கப்போகிறார்களே என்று நினைத்தேன்.

ரிசெப்ஷன் ஜெயந்தியிடம் விஷயத்தைச் சொன்னேன். யாழ்ப்பாணக்காரி. இங்கே எனக்கு இருக்கிற ஒரே தோழி. என் பக்கம் பேசுவாள் என்று நம்பித்தான் சொன்னேன்.

"உமக்கென்ன விசரே? பொலிசுக்கு உண்மை சொல்லப் போறீரோ?"

"கேட்டா சொல்லித்தானே ஆகணும்?"

"எங்கட ஊரில துவக்கு வச்சிருந்தவனும் செத்தான். இன்னார் வீட்டில துவக்கு இருக்கெண்டு சொன்னவனும் செத்தான். வாயைப் பொத்திக்கொண்டு இரும். வீட்டுக்க மனுசனோட சண்டை பிடியும், வெளியில கதையாதேயும்."

"இது அந்த ஊர் இல்ல ஜெயந்தி."

"ஓம், தெரியும். எண்டாலும் எனக்குப் பயம்."

அவள் அண்ணன் அங்கே செத்ததை ஒருதடவை சொல்லியிருக்கிறாள். அவள் பயத்தை மதிக்கிறேன். அவள் சொன்னபடி செய்யமாட்டேன்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. லீவு போட்டேன். சுண்டல், பாயசம், வடை. வடை ஓட்டை சரியாக வரவில்லை.

கார்களுக்குச் சந்தனம், குங்குமம். டயருக்கு எலுமிச்சை. லேப்டாப், நிலாவின் கால்குலேட்டர், என் ஐ.டி. கார்டு, அருவாமனை, மிக்ஸி எல்லாம் சாமி முன்னால். கற்பூரம் ஏற்றப் போகும்போது மு. அதைத் தூக்கிக்கொண்டு வருகிறார். துடைத்துப் பளபளவென்று.

"இதுவும் ஆயுதம்தான?"

வீடியோவில் திருச்சியிலிருந்து மாமியார்: "ஆமாப்பா, வீட்டக் காக்கறதாச்சே. அதுக்கும் ஒரு பொட்டு வைக்கச் சொல்லு அவள."

"நான் வைக்க மாட்டேன் அத்தை."

"என்னது?"

"அருவாமனைக்கு வெச்சேன், மிக்ஸிக்கு வெச்சேன். இதுக்கு மாட்டேன்."

மு. தானே வைத்தார். பிடிக்கட்டையில் நீளமாகச் சந்தனம், அதன்மேல் கட்டைவிரல் அகலத்துக்குக் குங்குமம். நெற்றிக்கு வைப்பதுபோல அத்தனை பதவிசாக. பார்த்தபோது ஒரு நொடி பாவமாகவும் இருந்தது. தாலி போன நாளிலிருந்து இந்த மனுஷன் என் கழுத்தை நிமிர்ந்து பார்ப்பதில்லை.

ஆனால் விடவில்லை. தீபாராதனை முடிந்து அவர் அதை எடுக்கக் கை நீட்டியதும் சொன்னேன்: "பூஜைல வெச்சத நாளைக்குப் பூஜ பண்ணித்தான் எடுக்கணும். அதுவரைக்கும் யாரும் தொடக் கூடாது. அத்தையவே கேளுங்க."

மாமியார் மாட்டிக்கொண்டார். "ஆமாப்பா... அது சாஸ்திரம்தான்."

தோட்டா எதுவும் உள்ளே இல்லையென்று என் கண்ணெதிரில் திறந்து காட்டச் சொன்னேன். காட்டினார். துப்பாக்கி மிக்ஸிக்குப் பக்கத்தில் கிடந்தது, பார்க்க அதுவும் ஒரு சமையல் சாமான்.

அக்டோபர் 3, வெள்ளி

வெயில்! போர்வை எல்லாம் தோய்த்துப் போட்டேன்.

லைசென்ஸ் அம்மாள் பத்து மணிக்கு வந்தார். வெள்ளைக்காரி, ஐம்பது வயதிருக்கும். நாங்கள் சொல்லாமலேயே வாசலில் ஷூவைக் கழற்றினார். கராஜில் பெட்டி, பூட்டு, சுவரில் அடித்த ஆணி எல்லாம் பார்த்தார். திருப்தி. மு. முகத்தில் சிரிப்பு. பிறகு அந்த அம்மாள் துப்பாக்கியைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பினார்.

மு. துடைத்துத்தான் வைத்திருந்தார். ஆனால் பிடியில் செதுக்கியிருந்த கோடுகளுக்குள் குங்குமம் அப்படியே இருந்தது. ரத்தம் மாதிரி.

இது என்ன என்று கேட்டார். பூஜை என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். மு. நிறுத்துவாரா? நம் பண்பாட்டை யாராவது வெள்ளைக்காரர் கேட்டுவிட்டால் இவருக்குத் தலைகால் புரியாது. நின்ற நிலையில் விளக்கம்: வருஷத்துக்கு ஒருநாள், எங்களுக்குச் சோறு போடுகிற பொருள், எங்களைக் காப்பாற்றுகிற பொருள், எல்லாவற்றையும் வைத்துக் கும்பிடுவோம். லேப்டாப் சோறு போடுகிறது. இது...

வாய் நின்றது. அந்த அம்மாளின் பேனாவும் நின்றது.

"யாரிடமிருந்து காப்பாற்றுகிறது?"

"முயல்களிடமிருந்து" என்றார் மு. "தோட்டத்து முயல்."

எங்கள் தோட்டத்தில் இருப்பது ஒரு கறிவேப்பிலைச் செடி. குளிருக்காக அதையும் வீட்டுக்குள் வைத்திருக்கிறோம். எனக்குச் சிரிப்பு வந்தது, அடுத்த நிமிஷமே அழுகையும்.

பிறகு என் முறை. சாப்பாட்டு மேஜை. நானும் அந்த அம்மாளும் மட்டும். அடுப்படியில் மு. டீ கலக்கும் சத்தம். அந்த அம்மாள் நல்லவர். வழி விட்டே கேட்டார்: அது மதச் சடங்கில் சொல்லும் பேச்சு, அப்படித்தானே?

ஆமாம் என்று ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் இன்று இரவு மு. பாயசம் கேட்டிருப்பார்.

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது.

இல்லை என்றேன். படுக்கையறை அலமாரியில் இருந்தது. தோட்டா டிராயரில் இருந்தது. திருட்டுக்குப் பிறகு அங்கே போனது, இன்று காலையில்தான் கராஜுக்கு வந்தது. முயலுக்காக இல்லை. பயத்துக்காக.

அவர் உங்களை மிரட்டியதுண்டா என்று கேட்டார். இல்லை, எறும்பைக்கூட மிதிக்கமாட்டார், அதையும் எழுதுங்கள் என்றேன். எழுதும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானமே போலீஸ் சீருடையில் இரண்டு பேர் வந்து துப்பாக்கியை எடுத்துப் போனார்கள். லைசென்ஸ் நிறுத்தி வைப்பு. கேஸ் வருமா என்பது பிறகு தெரியுமாம். எதிர்வீட்டுத் திரை விலகியது. நான் போர்வையை உதறி மடித்தேன்.

அக்டோபர் 4, சனி

மு. பேசவில்லை. ஹாலில் படுக்கை.

மாமியார் பேசினார். எல்லாருக்கும் சேர்த்து. "கட்டின புருஷன போலீஸ்ல புடிச்சுக் குடுத்தவள நான் எங்கயும் பாத்ததில்ல."

"புருஷனக் குடுக்கல அத்தை. துப்பாக்கியத்தான் குடுத்தேன். அவரு ஹால்ல படுத்திருக்காரு, காட்டட்டுமா?"

போனை வைத்துவிட்டார்.

பாஸ்கர் மனைவியிடமிருந்து மெசேஜ்: ஏன் இப்படிப் பண்ணே? அதற்குள் மவுண்ட் ரோஸ்கில் முழுக்கப் போய்விட்டது. பதில் போட்டேன்: ஆமா, நான்தான் பண்ணேன்.

ஜெயந்தி போன் செய்து ஒன்றே ஒன்று கேட்டாள். "ஆளுக்கு ஒண்டும் செய்யேல்லைத்தானே?" இல்லை என்றேன். அவள் அழுதது கேட்டது.

கேஸ் வந்தால் இவர் வேலை என்னாகும்? தெரியாது. இருந்தாலும் மறுபடி கேட்டால் மறுபடி இதைத்தான் சொல்வேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

தூறல். நிலாவுக்கு நாளை பள்ளி. புது டிபன் பாக்ஸ் வேண்டுமாம்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு மு. மேஜைக்கு வந்தார். தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "இப்ப எவனாவது உள்ள வந்தா என்ன பண்றது?"

"ஓடணும்."

"ஓடணுமா?"

"நீங்க, நான், நிலா. முன்வாசல் வழியா. இருக்கறத எடுத்துட்டுப் போகட்டும்."

"நான் ஓடுறதா சுகந்தி? ஏற்கெனவே ஒரு தடவை உன் தாலியக் காக்க முடியாம..." என் கழுத்துக் கயிற்றைப் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது. "எனக்கு ரொம்ப பயமா இருக்கு."

இதைச் சொல்ல இந்த மனுஷனுக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

"எனக்கும்தான். அதனால ஓடுங்க. ஓடிப் பொழச்சு என்கூட இருங்க. என் புருஷன் பயந்து ஓடினாருன்னு பாஸ்கர் வீட்டு டெக்ல நின்னு நானே எல்லார்கிட்டயும் சொல்றேன்."

நிலா போனிலிருந்து தலையைத் தூக்கினாள். "டாட் கான்ட் ஈவன் ரன்."

மு. கண்ணைத் துடைத்துக்கொண்டு ரசம் கேட்டார். ஊற்றினேன்.