நாற்பத்தொரு விநாடி

ஜனவரி 9, 2019, புதன்

காலையில் மைனஸ் பதினெட்டு. பனிச்சரிவு லிஃப்ட்டின் மோட்டார் இருமிக்கொண்டே கிளம்பியது. சறுக்க வருகிறவர்களின் பின்புறத்தில் இழுவைக் கம்பியை வைத்து மேலே அனுப்புவதுதான் முப்பத்து மூன்று குளிர்காலமாக என் உத்தியோகம். ஊரில் நான் பார்க்காத பின்புறமே இல்லை என்பாள் டிக்கெட் கொடுக்கும் மட்லைனா.

பதினோரு மணிக்கு ஜியெரி வந்தான். பனிச்சறுக்குச் சங்கத்தின் புதுத் தலைவன், என்னைவிட இருபது வயது சின்னவன். சங்கத்துக்கு இந்த வருடம் நூறு வயது. பிப்ரவரியில் விழா, அந்தக்கால மரச் சறுக்குப்பலகை, கம்பளிக் கால்சட்டை, ஜோடி ஓட்டம் எல்லாம் உண்டாம்.

"முன்னாடி ஜெயிச்ச ஜோடிங்க எல்லாரையும் கூப்பிடறோம், லடினா. உங்க ஜோடிக்குக் கனடாவுக்கே கடுதாசி போட்டாச்சு."

உங்க ஜோடி! சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டான். எனக்கு அடுத்த கம்பியைப் பிடிக்கக் கை வரவில்லை. கம்பி வருகிறது என்று நம்பி உட்காரப் போன ஒரு ஜெர்மன்காரர் மல்லாந்து விழுந்தார்.

ஜனவரி 10

கனடாக் கடுதாசியைப் பற்றி மட்லைனாவிடம் சொன்னது தப்பு. மதியத்துக்குள் பேக்கரி வரைக்கும் போய்விட்டது.

ஜனவரி 24, வியாழன்

என் பழைய ஜோடி குர்டின் வருகிறான்.

சங்கத்துக்கு எழுதிய பதிலை ஜியெரி என்னிடம் காட்டினான். ஜோடி ஓட்டத்தை அங்கே யாருக்கும் புரியவைக்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறான். ஒருவர் பின் ஒருவராக இறங்க வேண்டும், கடிகாரம் கூடாது, வேகமாக வருகிறவர் ஜெயிப்பதில்லை, இரண்டு பேரின் நேரமும் எந்த ஜோடிக்கு நெருங்கி வருகிறதோ அதற்குத்தான் பரிசு என்றால் சிரிக்கிறார்களாம். 1986இல் எங்களுக்குள் வித்தியாசம் விநாடியில் பத்தில் இரண்டு பங்கு. அப்போது எனக்கு இருபத்து மூன்று.

1987 இலையுதிர் காலத்தில் அவன் கனடாவுக்குக் கிளம்பினான். கூட வருகிறாயா என்று கேட்டான். அப்பாவுக்கு இடுப்பு உடைந்திருந்தது; தொழுவத்தில் ஆறு பசு. அடுத்த வருடம் என்றேன். அடுத்த வருடம் அவன் கேட்கவில்லை. அதற்கடுத்த வருடம் அங்கே கல்யாணம் செய்துகொண்டான். அது முறிந்து எட்டு வருடம் ஆகிறது என்று மட்லைனா எங்கிருந்தோ தெரிந்து வைத்திருக்கிறாள். அப்பா போயும் நான்கு வருடம் ஆயிற்று. பசுக்களும் இல்லை.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அவன் இன்னொரு முறை கேட்க வேண்டும். எழுதிவிட்டேன். வெட்கமாக இருக்கிறது. அழிக்கப் போவதில்லை.

பிப்ரவரி 8, வெள்ளி

மஞ்சள் பஸ்ஸிலிருந்து இறங்கினான். தலை முழுக்க நரை. நம் ஊரில் கன்னத்தில் மூன்று முத்தம். அவன் இரண்டோடு நிறுத்திவிட்டான். என் கன்னம் மட்டும் மூன்றாவதற்காக நீண்டபடி நின்றது. மட்லைனா பார்த்துவிட்டாள், சண்டாளி.

பிப்ரவரி 11, திங்கள்

ஜோடிப் பட்டியல் ஒட்டியாயிற்று. இனிமேல் நானும் அவனும் போட்டிச் சரிவில் சேர்ந்து இறங்கக் கூடாது, எவ்வளவு வேகம் என்று பேசி வைத்துக்கொள்ளவும் கூடாது. மேலே போவதற்குத் தடையில்லை. மதிய இடைவேளையில் ஒரே கம்பியில் சாய்ந்துகொண்டு போனோம். ஒன்பது நிமிஷம்.

"குள்ளமாயிட்டியா நீ?"

"நீதான் கனடாவுல கண்டதையும் தின்னு வளந்துட்ட."

சிரித்தான். பத்தாவது கம்பத்தைத் தாண்டும்போது, "அந்த ஊர்ல ஏரி இருக்கு. வீட்டு ஜன்னல்லேர்ந்து தெரியும்" என்றான். ம் என்றேன். ஏரியைப் பற்றி ஏன் சொன்னான்? கேட்கப் போகிறான் என்று காது கொதித்தது. மேலே வந்துவிட்டோம். அவன் இடது பக்கம் இறங்கினான், நான் வலது பக்கம்.

பிப்ரவரி 15

சங்க மண்டபப் படிக்கட்டில் அவன் இறங்குவதைப் பார்த்தேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து. முழங்காலில் உலோகம் வைத்திருக்கிறார்களாம். என்னிடம் சொல்லவே இல்லை. பாவி, அந்தக் காலை வைத்துக்கொண்டு எப்படி இறங்குவான்?

மெதுவாகத்தான் வருவான். நானும் மெதுவாகத்தான் வர வேண்டும்.

பிப்ரவரி 17, ஞாயிறு

இருபத்தாறு ஜோடி. நாங்கள் இருபத்தாறாவது.

நான்தான் முதலில் இறங்கினேன். ஒவ்வொரு வளைவிலும் அவன் காலை நினைத்தேன். இங்கே தயங்குவான், இங்கே அகலமாகத் திரும்புவான் என்று அவனுக்காகக் காத்திருந்து காத்திருந்து வந்தேன். தேவாலயத்துப் பின்சுவரோரம் நின்ற பிள்ளைகள், "சீக்கிரம் வாங்க, சூப் ஆறிடும்" என்று கத்தினார்கள். கீழே வந்து திரும்பிப் பார்த்தால், அவன் நேராக விழுகிறான். திருப்பமே இல்லை. பழைய குர்டின். முடிவுக் கோட்டைத் தாண்டி வைக்கோல் கட்டுகளில் போய் மோதி, எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்தான்.

நாற்பத்தொரு விநாடி வித்தியாசம். ஒலிபெருக்கியில் ஜியெரி இரண்டு முறை படித்தான்.

கடைசி ஜோடிதான் எல்லாருக்கும் சூப் ஊற்ற வேண்டும். நான் கரண்டி, அவன் கிண்ணம் நீட்டுகிறவன். முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்ததால் நாற்காலியில் உட்கார்ந்தபடி.

"பைத்தியமா நீ? அந்தக் காலோட எதுக்கு அப்படி வந்த?"

"நீ அப்படித்தானே வருவ. உன்னைப் புடிக்கணும்ல."

"எனக்கு அம்பத்தாறு வயசாச்சு."

"எனக்குத் தெரியலையே. நான் கடைசியாப் பாத்தப்போ ஆகலை." கிண்ணத்தை நீட்டினான். "நீ ஏன் அவ்வளவு மெதுவா?"

நான் அவன் முழங்காலைப் பார்த்தேன். அவன் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டான். வரிசையில் நின்ற மட்லைனா, "ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்து முடிச்சா எனக்கும் கொஞ்சம் ஊத்துங்க" என்றாள்.

அவன் தேடி வந்தது இருபத்து மூன்று வயதுப் பெண்ணை. நான் இன்றைக்கு இருக்கிற அவனுக்காக இறங்கினேன். அதனால் அவனைக் குறை சொல்ல முடியுமா? எனக்குக் கோபம்கூட வரவில்லை. அவன் நினைவில் நான் இத்தனை வேகமாக இருந்திருக்கிறேனே என்று அழுகை வந்தது.

பிப்ரவரி 18

லிஃப்ட்டில் எல்லாரும் என்னைப் பார்த்து விரலால் நாலும் ஒன்றும் காட்டுகிறார்கள்.

பிப்ரவரி 28, வியாழன்

இன்னும் கேட்கவில்லை. நாளைக் காலை பஸ். சாயங்காலம் என் சமையலறையில் உட்கார்ந்து வால்நட் கேக் இரண்டு துண்டு தின்றான். கேட்க மாட்டாயா, கேட்க மாட்டாயா என்று மனசு அடித்துக்கொண்டது. கடைசியில் பொறுக்க முடியாமல் நானே ஆரம்பித்தேன்.

"நீ என்கிட்ட எதுவும் கேக்க வேணாமா?"

தட்டில் இருந்த துகளை விரலால் ஒற்றிக்கொண்டே இருந்தான். "கேட்டாச்சு, லடினா. நீ அடுத்த வருஷம்னு சொன்ன. இல்லைன்னு சொல்லலை. நான் இன்னும் அதுக்கு மேல ஒண்ணும் கேள்விப்படலை."

முப்பத்தோரு வருஷம்! நான் கேள்விக்காக உட்கார்ந்திருந்தேன், இந்த மனுஷன் பதிலுக்காக உட்கார்ந்திருந்தானா? அப்போ அந்தக் கல்யாணம் என்ன கணக்கு? கேட்டேன். அதற்குத் தலை குனிந்தான். "அதுல நான் நல்லவன்னு சொல்லலை" என்றான்.

நான் எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினேன்.

மார்ச் 1

வருடா வருடம் போலப் பிள்ளைகள் மாட்டுக் கழுத்து மணிகளை ஆட்டிக்கொண்டு தெருத்தெருவாகக் குளிர்காலத்தை விரட்டினார்கள். அந்தக் கூட்டத்துக்குள்ளேதான் அவன் பஸ் ஊர்ந்து போனது. இந்த முறை மூன்று முத்தம்.

மார்ச் 19

ஊரில் ஒரு மூலை விடாமல் அவன் இல்லை. போன வருடமும் இல்லைதான். அப்போது இப்படி இல்லை.

ஏப்ரல் 24, புதன்

ஈஸ்டரோடு லிஃப்ட் நின்றுவிட்டது. காலை ரயிலில் கூர் நகரத்துக்குப் போனேன். பாஸ்போர்ட் அலுவலகத்தில் கூட்டமில்லை. பழையது இருக்கிறதா என்று கேட்டார்கள். எடுத்ததே இல்லை என்றேன். படம் எடுத்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது.

"சிரிக்கக் கூடாது, மேடம். மெஷின் ஒத்துக்காது. வாயை மூடிக்கிட்டு நேராப் பாருங்க."

மூன்று தடவை எடுத்துப் பார்த்தாள். நாலாவது தடவை, "வேற ஏதாவது சோகமா நினைச்சுக்கங்களேன்" என்றாள்.