இன்னும் தொடங்காத ஆறாம் வகுப்பு

தூத்துக்குடி,
18-2-1946.

அன்பு மகள் சீனித்தாய்க்கு அம்மா எழுதுவது. இங்கே உன் அய்யா, தங்கை சண்முகத்தாய், நான் மூவரும் சுகம். நீயும் சுகம் என்றுதான் எழுதியிருக்கிறாய், ஆனால் கடைசிப் பக்கத்தில் உன் எழுத்துக் கோணிப்போயிருந்ததைப் பார்த்ததும் அப்படி இல்லை என்று தெரிந்துகொண்டேன். சனிக்கிழமை கல்லூரித் தமிழ் மன்றத்தில் பேசப் பெயர் கொடுத்துவிட்டாய், இப்போது நினைத்தாலே பயமாக இருக்கிறது, பெயரை எடுத்துவிடட்டுமா என்று கேட்டிருக்கிறாய். போன வாரம் கேட்டிருந்தால் எடுத்துவிடு மகளே என்றுதான் எழுதியிருப்பேன். நேற்று மத்தியானத்திலிருந்து என்னால் அப்படி எழுத முடியாது. நேற்று நம் சங்கத்தின் வருஷக் கூட்டத்தில் நான் பேசினேன். ஆமாம், நான்தான்.

சங்கம் நடத்துகிற நம் தெருப் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிகிறது என்பது உனக்குத் தெரியும். உன்னைச் சாயர்புரத்துக்கு அனுப்பிப் படிக்கவைத்தோம், எல்லா வீட்டிலும் அது நடக்குமா? இந்த வருஷம் உன் தங்கையோடு பதினைந்து பிள்ளைகள் ஐந்தை முடித்து அடுப்படிக்குப் போக இருந்தார்கள். ஜெபசெல்வி டீச்சர் ஆறாம் வகுப்புக் கேட்டு இரண்டு முறை எழுதிக் கொடுத்தும் பதில் இல்லை. கூட்டத்தில் கேட்கலாம் என்றால், அங்கே வீட்டுக்கு ஒரு ஆள், தலைக்கட்டான ஆண்பிள்ளைதான் பேசலாம், ஒரு முறைதான் பேசலாம். உன் அய்யாவைப் பேசச் சொன்னேன். அவர், “கருப்பட்டி விலைன்னா நான் கப்பல் சங்குக்கு மேல கத்துவேன், படிப்பப் பத்தி எனக்கு என்ன தெரியும், என் முறைய உனக்குத் தாரேன், நீயே பேசு” என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அதன்பிறகு நாலு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. நம் கடைக்குப் பொட்டலம் கட்ட வருகிற பழைய பத்திரிகையைக்கூட விடாமல் படித்தேனே, அந்தப் படிப்பெல்லாம் நான் எப்படி அவமானப்படப் போகிறேன் என்று விதவிதமாகப் பார்க்கத்தான் உதவியது. மேடை ஏறுகிறேன், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது, முன்வரிசையில் வன்னியபெருமாள் அண்ணாச்சி சிரிக்கிறார். சங்கத்தில் மூத்தவர், பெண்பிள்ளைக்கு ஐந்து போதும் என்று போன வருஷமே சொன்னவர். அவர் எந்தக் கன்னத்தில் வெற்றிலையை ஒதுக்கியிருந்தார் என்பதுவரை எனக்குத் தெரிந்தது. வெள்ளிக்கிழமை ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தபோது திடீரென்று தோன்றியது, நடக்காத ஒன்றை இவ்வளவு துல்லியமாகப் பார்க்கத் தெரிந்தவளுக்கு நல்லதை மட்டும் பார்க்கத் தெரியாதா என்று. முறத்தை வைத்துவிட்டு, பள்ளி திறக்கிற ஜூன் மாதத்தை மனசுக்குள் பார்த்தேன். மணி அடிக்கிறது, ஆறாம் வகுப்பு. ஜன்னலோரம் சண்முகத்தாய். உப்பளத்துக்குப் போகிற அம்மாவை அனுப்பிவிட்டு ஓடிவந்து மூச்சு வாங்குகிறாள் முத்துக்கனி. இன்னும் நன்றாகத் தெரியட்டும் என்று உன் பழைய நோட்டை எடுத்து, ஆறாம் வகுப்பு, ஜூன் 1946 என்று தலைப்பிட்டு, அனுப்புவார்கள் என்று நான் நம்பிய வீட்டுப் பிள்ளைகள் பதினான்கு பேர் பெயரையும் வரிசையாக எழுதினேன். அன்று மத்தியானம் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

அதற்காக நடுக்கம் போய்விட்டது என்று நினைக்காதே. நேற்று உன் அய்யா எழுந்து, என் முறைக்கு என் வீட்டுல பேசுவா என்றதும் ஒரே சத்தம். பின்னாலிருந்து ஒருவர், “வீட்டுலதான் அவுக முறை, இங்கனயுமா அண்ணாச்சி?” என்றார். உன் அய்யா அசரவில்லை, “வீட்டுல எனக்கு முறையே கிடைக்கல, இங்கன கிடைச்சதையாவது நானாக் குடுக்கேன்” என்றார். அந்தச் சிரிப்போடு சிரிப்பாக மேடைக்குப் போய்விட்டேன். போய் நின்றால், மனப்பாடம் செய்த முதல் வரி இல்லை. இரண்டாவது வரியும் இல்லை. கையில் நோட்டு மட்டும் இருந்தது. இது ஜூன் மாதம், மணி அடித்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பெயர்களை வாசித்தேன். தன் பிள்ளை பெயர் வரும்போது ஒவ்வொரு தகப்பனாகத் தலையைத் தூக்கினார்கள். ஐந்தாறு பெயருக்குள் கூட்டம் அடங்கிவிட்டது, என் குரலும் எனக்குத் திரும்பிவந்தது. வாசித்து முடித்து, இவர்கள் உட்கார ஓர் அறையும் சொல்லிக்கொடுக்க ஓர் ஆளும் ஜூன் மாதம் வேண்டும் என்று தெளிவாகச் சொன்னேன்.

வன்னியபெருமாள் அண்ணாச்சி எழுந்தார். “ஏளா, வாசிச்சு முடிச்சிட்டியா?” என்றார். முடிச்சிட்டேன் என்றேன். “எங்க தேவகனி பேரு எங்க? எல்லா வீட்டுப் பிள்ளையும் இருக்கு, எம் பேத்திய மட்டும் என்னத்துக்குத் தள்ளி வச்ச?” நீங்க அனுப்பமாட்டீகன்னு நெனச்சிட்டேன் அண்ணாச்சி என்றேன், உண்மையும் அதுதான். “நீயா நெனச்சா ஆச்சா? என்னையக் கேட்டியா? எழுது, முதல் பேரா எழுது” என்றார். நான் பென்சிலை எடுப்பதற்குள், அப்போ வகுப்பு உண்டுன்னு அண்ணாச்சியே சொல்லியாச்சு என்று யாரோ கத்த, கூரை பறக்கிறமாதிரிச் சிரிப்பு. அவர் ஒரு நிமிஷம் சுற்றும்முற்றும் பார்த்தார். பிறகு அவரும் சிரித்துவிட்டு, “சரி, எழுதின பேர அழிக்கவா முடியும், தீர்மானத்தப் போடுங்க” என்றார். வெளி வராந்தாவில் நின்ற பெண்கள் போட்ட குலவையில் தீர்மானத்தை வாசித்தது யாருக்கும் கேட்கவில்லை.

எல்லாவற்றையும் நல்லதாக நினைத்துக்கொண்டு போனவள், ஒரே ஒரு மனுஷரை மட்டும் கெட்டதாகவே நினைத்தேன். தப்பும் அங்கேதான் நடந்தது. உன் எதிரே உட்காரப்போகிறவர்களையும் அப்படி நினைத்துவிடாதே மகளே. கேட்க வந்தவர்கள் என்றே நினை. நீ பேசி முடித்துப் படியிறங்கும்போது அவர்கள் முகம் எப்படியிருக்கும் என்று இப்போதே தினமும் ஒரு தடவை பார்த்து வை. நடுக்கம் வந்தால் வரட்டும், அது பாட்டுக்குக் காலில் இருக்கட்டும், வாய் உன்னுடையது. பேசுகிறதற்கு முன் வெந்நீர் குடி. பனங்கற்கண்டு அனுப்பியிருக்கிறேன், அதைத் தோழிகளுக்கே கொடுத்துத் தீர்த்துவிடாதே.

உன் தங்கை இன்று காலையிலிருந்து, நான் ஆறாம் வகுப்பு என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். ஐந்தாம் வகுப்புப் பரீட்சை இன்னும் எழுதவில்லை என்று யார் அவளிடம் சொல்வது! நீ தீர்க்காயுசோடும் தெளிந்த குரலோடும் இருக்க நானும் அய்யாவும் மனம் நிறைந்து வாழ்த்துகிறோம். சனிக்கிழமை நீ பேசினாயா என்று நான் கேட்கப்போவதில்லை. எப்படிப் பேசினாய் என்று ஞாயிற்றுக்கிழமையே எழுதித் தபாலில் போட்டுவிடு.

உன் அம்மா,
செ. செல்லத்தாய்